வகுப்பறைக்குள் வந்த கருவிகளும் வடபுலத்துத் தொல்குடி மொழிகளும்



1970-களின் இறுதியில் ஓராண்டுக் காலம் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியனாக இருந்தேன். பள்ளியில் இருந்த ஒரே கருவி சைக்ளோஸ்டைல் பொறி. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரவில் பாடத்தைக் கீறி, காலையில் கைப்பிடியைச் சுற்றி நாற்பது படிகள் எடுப்பேன். மாணவர்கள் மை காயாத தாளை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள், பிறகு படிப்பார்கள். வண்ணப்படங்கள் நிறைந்த அச்சுப் பாடநூலைக் காட்டிலும் அந்த மங்கிய தாளையே அவர்கள் விரும்பியது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதில் அவர்களுடைய தோட்டத்தின் பெயர் இருந்தது. மழைக்காலத்தில் மறித்துக்கொள்ளும் ஓடையின் பெயர் இருந்தது. அவர்கள் வீட்டில் பேசும் சொற்கள் இருந்தன. இதை நான் உணர்ந்துகொள்ள மொழியியல் படித்துப் பல ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், நமக்குத் தென்கிழக்கே ஆஸ்திரேலியாவில், இதே வகைப் பொறியைச் சுற்றிக்கொண்டு வேறு சிலர் இருந்தனர். இன்றைய உரை அவர்களைப் பற்றியது. நார்தர்ன் டெரிட்டரி என்று ஆட்சிமுறையில் வழங்கும் அந்தப் பகுதியை இவ்வுரையில் வடபுலம் என்றே குறிப்பேன். பரப்பில் அது மலேசியாவைப் போல் நான்கு மடங்கு. மக்கள் தொகையோ சுமார் இரண்டரை இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் தொல்குடியினர். 1788-ல் ஆங்கிலேயர் வந்து குடியேறியபோது ஆஸ்திரேலியா முழுவதும் 250-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. இன்று குழந்தைகள் தாய்மடியிலேயே கற்றுக்கொள்ளும் தொல்மொழிகள் ஒரு பன்னிரண்டு அளவே எஞ்சியுள்ளன. அவற்றுள் பல வடபுலத்தில் வழங்குபவை.

கருவியின் வரலாற்றை அங்கே வானொலியிலிருந்து தொடங்குவது வழக்கம். மிதிவண்டிபோல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் சிறு வானொலிக் கருவியை ஆல்பிரட் டிரேகர் 1920-களின் இறுதியில் உருவாக்கினார். அதைச் சார்ந்து வளர்ந்த மருத்துவ வானொலி வலையமைப்பைக் கொண்டே 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், மாட்டுப் பண்ணையில் அமர்ந்திருக்கும் குழந்தை ஆசிரியரின் குரலைக் கேட்டது, பதிலும் சொன்னது. தொலைக்கல்வி வரலாற்றில் இது ஒரு பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குரல் பெரும்பாலும் பண்ணை உரிமையாளர், மேலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. அதன் மொழி ஆங்கிலம். அதே பண்ணையில் மாடு மேய்த்த தொல்குடியினரின் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைந்த ஏற்பாடு அன்று அது.

தொல்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளிகளைப் பெரும்பாலும் கிறித்தவ மறைப்பணி நிலையங்களும், பின்னர் அரசின் நலத்துறையும் நடத்தின. மொழி வகையில் அவை எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. 1877-ல் நிறுவப்பட்ட ஹெர்மன்ஸ்பர்க் நிலையத்தின் லூத்தரன் பணியாளர்கள் அரண்டா மொழியைக் கற்று, அதில் நூல் அச்சிட்டு, பள்ளியிலும் பயன்படுத்தினர். எல்லைக்குத் தெற்கே எர்னபெல்லாவில் 1940-ல் தொடங்கிய பள்ளியில் பிட்ஜன்ஜட்ஜாரா மொழியிலேயே எழுத்தறிவு ஊட்டப்பட்டது. மற்றப் பல இடங்களில் ஆங்கிலமே விதி.

இங்கே நான் சற்று நின்று ஓர் ஒலியியல் செய்தியைச் சொல்ல வேண்டும். வடபுலத்தின் வடகிழக்கு முனையில், ஆர்னம் நிலத்தில் வாழ்வோர் தங்களை யோல்ஙு என்கின்றனர். அப்பெயரைத் தமிழில் எழுத நமக்கு எந்த இடர்ப்பாடும் இல்லை. நம் ஏட்டில் வேலையற்று உட்கார்ந்திருக்கும் 'ஙு' அங்கே உயிரோடு உலவுகிறது. சொல்லின் முதலிலும் வருகிறது. யோல்ஙு மொழிகளில் மெல்லினம் ஆறு. ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய நம் ஆறும் பிறக்கும் அதே இடங்களில் அவர்களுடைய ஆறும் பிறக்கின்றன. இந்த ஒற்றுமைகளைக் கண்டவர்கள் உறவும் கற்பித்ததுண்டு. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் மூவிடப்பெயர்களை ஆஸ்திரேலிய மொழிகளின் பெயர்களோடு ஒப்பிட்டார். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆயினும் 'ந', 'ன', 'ண' வேறுபாட்டை ஒரே ஆங்கில எழுத்துக்குள் திணிக்கும்போது உண்டாகும் துன்பத்தை உணர நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

1950-களில் மிலிங்கிம்பித் தீவில் பணியாற்றிய பியூலா லோ என்னும் மறைப்பணி ஆசிரியர், யோல்ஙு மொழிகளுள் ஒன்றான குபாபுய்ஙுவைக் கற்று அதற்கு எழுத்துமுறை வகுத்தார். நாவளை ஒலிகளுக்கு உரோமன் எழுத்தின் கீழ் ஒரு கோடு. தட்டச்சுப் பொறியில் ஓரிடம் பின்னுக்கு நகர்த்திக் கோடு இட்டால் போதும். ஒரு செலவும் இல்லை. 'ங'வுக்கோ ஆங்கில 'என்' எழுத்தின் காலை வாலாக வளைக்க வேண்டும். சாதாரணத் தட்டச்சில் அது கிடையாது. பேனாவால் ஒவ்வொரு வாலாக இழுக்க வேண்டும், அல்லது அந்த எழுத்துப் பொருத்திய பொறியைத் தேட வேண்டும். ஒரு மொழியின் எழுத்து வடிவை ஒலியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. மேசைமேல் இருக்கும் பொறியும் தீர்மானிக்கிறது.

அந்தத் தட்டச்சு வகுப்பறைக்கு வெளியிலும் ஒரு வேலை செய்தது. யிர்கலாவில் யோல்ஙு நிலத்தில் பாக்சைட் சுரங்கம் தோண்ட அரசு இசைவளித்தபோது, அம்மக்கள் 1963 ஆகஸ்டில் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு ஒரு முறையீடு அனுப்பினர். குமாட்ஜ் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சிட்ட தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களுக்குரிய ஓவியத்தைத் தீட்டியிருந்தனர். சுரங்கம் நிற்கவில்லை. எனினும் எழுத்துக் கருவியைத் தம் வழக்குக்காகத் தம் மொழியில் கையாள முடியும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து அந்த ஊர்ப் பள்ளியில் நடந்ததை இந்த முறையீட்டிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

1972 டிசம்பரில் பதவிக்கு வந்த விட்லம் அரசு, அம்மாதமே, தனித்த தொல்குடி ஊர்களில் வாழும் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியை அவர்கள் மொழியிலேயே தருவது என்று அறிவித்தது. கல்வி அமைச்சர் மூத்த கிம் பீஸ்லி. 1973-ல் மிலிங்கிம்பி, அரியோங்கா உள்ளிட்ட சில பள்ளிகளில் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டில் யிர்கலாவும், நடுப் பாலைநிலத்து வார்ல்பிரி மக்களின் ஊராகிய யுவெண்டுமுவும் சேர்ந்தன. வார்ல்பிரி மொழியை நன்கறிந்த கென்னத் ஹேலும் ஜெப்ரி ஓ'கிரேடியும் 1974-ல் திட்டத்தைப் பார்வையிட்டுப் பரிந்துரைகள் வழங்கினர். மொழியியலாரின் சொல்லை அரசு கேட்ட அரிய காலங்களுள் அது ஒன்று. என் துறையைச் சேர்ந்தவர்கள் அதைச் சற்றுப் பெருமூச்சுடன் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

முதல் நாளே ஓர் இடர் தலைதூக்கியது. குழந்தைக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கலாம். ஆனால் அது படிப்பதற்கு அம்மொழியில் என்ன இருக்கிறது? மறைநூல் மொழிபெயர்ப்பும் சில பாடல்களும் தவிரப் பெரும்பாலான மொழிகளில் ஒன்றும் இல்லை. சில நூறு பேர் பேசும் மொழிக்கு எந்தப் பதிப்பகம் நூல் போடும்? ஆகவே பள்ளிகளிலேயே அச்சகம் வைத்தார்கள். நூலாக்க மையம் என்று அதற்குப் பெயர். ஊர்ப் பெரியவர் ஒருவர் வேட்டைக்குச் சென்ற கதையையோ முன்னோர் வழிநடந்த கதையையோ ஒலிப்பதிவுக் கருவியின் முன் சொல்வார். எழுதப் பழகிய இளைஞர் ஒருவர் நாடாவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுவார். பயிற்சி பெற்ற மொழியியல் ஆசிரியர் எழுத்துமுறையைப் பார்த்துக்கொடுப்பார். இன்னொருவர் கோட்டோவியம் வரைவார். தட்டச்சிட்டு, படியெடுக்கும் பொறியிலும் பின்னர் ஆப்செட் பொறியிலும் அடித்து, கம்பி தைத்து, அடுத்த அறையில் இருக்கும் குழந்தையின் கையில் கொடுப்பார்கள்.

இந்த வேலைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொறியை இயக்கியவர்களுள் அவ்வூர் மக்களும் இருந்தார்கள். ஒரு சிறுவன் பள்ளிக்கு வரும் வழியில் தன் மாமன் மை படிந்த கையோடு நூல் அடுக்குவதைப் பார்க்கிறான். நூலைத் திறந்தால் தன் பாட்டன் சொன்ன கதை. எழுத்து என்பது வெள்ளையர் தரும் பண்டமாக இல்லாமல் உறவினர் செய்யும் வேலையாக அவனுக்கு அறிமுகமாகிறது. மாணவரை ஈர்ப்பது எப்படி என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறோமே, ஈர்ப்பு அங்கேதான் இருந்தது என்பது என் முடிவு. இல்லாவிட்டால் மங்கிய கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் ஒரு குழந்தையை இழுக்க வேறு என்ன இருக்கிறது?

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மிகுதியும் தொடக்க வகுப்புக்கான சிறு நூல்களே வந்தன. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி கொண்ட நூல்களைப் படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்த படியில் ஏறி நிற்க இடம் குறைவு. அங்கே ஆங்கிலம் மட்டுமே காத்திருந்தது. வெளியூர் ஆசிரியர்கள் ஓரிரு ஆண்டில் மாற்றலாகிப் போனார்கள். மொழியைக் கற்று முடிக்கும்போது பெட்டி கட்டினார்கள். தொல்குடி ஆசிரியர்களைப் பாச்சிலர் கல்லூரி பயிற்றுவித்தது உண்மை, ஆனால் தேவைக்கு அது போதவில்லை. அச்சிட்டதெல்லாம் படிக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. நான் அவர்களுள் ஒருவன் அல்லன்.

இனி பாலைநிலத்துக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் வார்ல்பிரி மக்களுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வரப்போகிறது என்ற செய்தி எட்டியது. ஆஸ்திரேலியாவின் முதல் உள்நாட்டுத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் 1985 ஆகஸ்டில் ஏவப்பட்டது. நாளெல்லாம் ஆங்கிலம் வீட்டுக்குள் கொட்டினால் பிள்ளைகளின் மொழி என்னாகும் என்று பெரியவர்கள் அஞ்சினர். அவர்கள் தொலைக்காட்சியை மறுக்கவில்லை. தாமே படம் பிடித்தார்கள். செயற்கைக்கோள் மேலே செல்லுமுன்பே, அதே 1985-ல், உரிமம் பெறாமலே யுவெண்டுமுவில் சிறு ஒளிபரப்பியைக் கொண்டு தம் மொழியில் நிகழ்ச்சி வழங்கினர். அந்த ஆண்டுகளில் அவர்களோடு இருந்த எரிக் மைக்கேல்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலார் 1986-ல் எழுதிய நூலில், தொல்குடியினர் தொலைக்காட்சியைத் தமக்கெனப் 'புதிதாகக் கண்டுபிடித்தார்கள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். பின்னர் அங்கிருந்தே 'மன்யு வானா' என்ற சிறுவர் நிகழ்ச்சித் தொடர் வெளிவந்தது. எண்ணும் எழுத்தும் சொல்லும் வார்ல்பிரி மொழியில், ஊர்ப் பிள்ளைகளே நடித்தது.

கருவி ஊராரின் கைக்கு வந்தபோது ஊர் வழக்கமும் கூடவே வந்தது. வார்ல்பிரி மக்களிடம் இறந்தவரின் பெயரைக் குறிப்பிட்ட காலம்வரை சொல்லலாகாது, உருவத்தையும் காட்டலாகாது. ஆகவே ஒருவர் இறந்தால் அவர் தோன்றும் நாடாக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. இப்படியொரு வழக்கத்தைப் பொருட்படுத்தாத பாடக்கருவியை, அது எத்துணை அழகியதாயினும், அந்த வகுப்பில் போட்டுக்காட்ட முடியாது. 1990-களின் தொடக்கத்தில் யுவெண்டுமு, லஜமனு முதலிய ஊர்களை இணைத்த தனாமி வலையமைப்பு என்னும் காணொளித் தொடர்பு நிறுவப்பட்டது. அதை அவர்கள் விரைந்து ஏற்றதற்கும் ஒரு மொழியியல் காரணம் இருக்கலாம் என்று கருதுகிறேன். வார்ல்பிரியரிடம் விரிவான கைச்சைகை மொழி ஒன்று உண்டு. கணவனை இழந்த பெண்கள் நெடுங்காலம் பேச்சைத் துறந்து சைகையாலேயே உரையாடுவர். வெறுங்குரலை மட்டும் கொண்டுசெல்லும் தொலைபேசி அந்த மொழிக்குப் பாதிக் கருவிதான்.

மற்றொரு எளிய கருவியைப் பற்றியும் இங்கே கூற வேண்டும், ஏனெனில் திறன்பலகையின் ஒளியில் அது கண்ணில் படுவதில்லை. தொலைதூர ஊர்களின் தொல்குடிக் குழந்தைகளிடையே நடுச்செவி அழற்சி உலகிலேயே மிக மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் ஒன்று ஆஸ்திரேலியா. செவித்திறன் குறைந்த பிள்ளைகள் பலர் ஒரே வகுப்பில் இருப்பர். அவர்களுடைய தாய்மொழியில் 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலிகள் இல்லை. நம் மொழியிலும் அவை கடன் வந்தவையே. ஆங்கிலமோ அவற்றால் நிறைந்தது. மெலிந்த அவ்வொலிகளைக் குறையுள்ள செவி எளிதில் தவறவிடும். கேளாத ஒலிகள் நிறைந்த, அறியாத மொழியில் பாடம் நடந்தால் குழந்தை சன்னலுக்கு வெளியே பார்க்காமல் என்ன செய்யும்? ஆசிரியர் கழுத்தில் ஒலிவாங்கியும் அறையின் மூலைகளில் ஒலிபெருக்கியும் பொருத்தும் முறை சில வகுப்புகளில் வந்தது. மலிவான ஏற்பாடு. கவனமின்மை என்று எழுதப்பட்ட எத்தனையோ குறிப்புகள் கேளாமை என்று எழுதப்பட்டிருக்க வேண்டியவை.

யிர்கலாவில் இதற்கிடையே இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. 1990-ல் அப்பள்ளியின் தலைமையாசிரியரானவர் யோல்ஙு ஒருவர். 'யோத்து யிண்டி' இசைக்குழுவின் தலைவராக உலகம் அறிந்த முனைவர் யுனுபிங்கு அவர்தாம். அவர் மறைந்த பின் இட்ட பெயரைத் தவிர்த்து இவ்வாறே குறிப்பிடுவது அவர்களுடைய மரபு. நானும் அதைப் பின்பற்றுகிறேன். உறவுமுறைக் கட்டமைப்பையும் நில அறிவையும் கொண்டு கணிதம் கற்பிக்கும் பாடத்திட்டம் அந்தப் பள்ளியில் உருவானது. பள்ளி தங்களுடையது என்று ஊரார் சொல்லக்கூடிய நிலை ஏற்பட்டது.

1998 டிசம்பரில் வடபுல அரசு இருமொழித் திட்டத்தைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது, ஆய்வு நடந்தது, 'இருவழிக் கற்றல்' என்ற புதுப்பெயரோடு சில பள்ளிகள் தப்பின. பிறகு 2008 வந்தது. அந்த ஆண்டில்தான் நாடு முழுவதற்குமான எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு முதன்முறையாக நடந்தது. தேர்வின் மொழி ஆங்கிலம். தொலைதூரப் பள்ளிகளின் மதிப்பெண் தாழ்ந்திருந்தது. அக்டோபரில் அரசு ஆணையிட்டது: நாள்தோறும் பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே பாடம் நடக்க வேண்டும். தாய்மொழிக்குக் கிடைத்தது பிற்பகல். வெப்பமண்டலப் பிற்பகலில் வகுப்பு நடத்தியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள், விளக்கம் தேவையில்லை.

அதே ஆண்டுகளில்தான் தொலைதூர வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் மின்பலகையும் வந்து சேர்ந்தன. முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கருவி. கருவியில் ஊட்டத் தாய்மொழிக்கு நேரமில்லை. வகுப்பில் பெரியவரின் குரலைப் பதிந்து, பிள்ளைகளே எழுதி, படம் சேர்த்து நூலாக்க ஒரு மடிக்கணினி போதும்; 1975-ல் ஓர் அறையை அடைத்துக்கொண்ட வேலை அது. செய்வதற்கான மணி நேரத்தைக் கால அட்டவணை எடுத்துக்கொண்டது. பல மையங்கள் சுருங்கின, சில மூடின. நூல்கள் பெட்டிகளில் அடைபட்டன. கரையானுக்கும் மழைக்கும் இரையாயின. சில இடங்களில் குப்பைக்கும் போயின. அந்த ஆணை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஆனால் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் தொடக்கப்பள்ளிப் பருவம் அதற்குள் கடந்துபோயிற்று.

எஞ்சிய நூல்களைத் தேடி எடுக்கும் பணியைச் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2012-ல் தொடங்கினர். 'தொல்குடி மொழிகளின் வாழும் ஆவணகம்' என்பது அதன் பெயர். சுமார் 50 மொழிகளில் ஆயிரக்கணக்கான நூல்கள் வருடி எடுக்கப்பட்டு இணையத்தில் ஏறின. ஆக்கியவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் தேடி இசைவு பெற்ற பின்னரே முழு நூலைத் திறந்து வைத்தார்கள். எழுத்துச் சிக்கலும் இருந்தது. கணினியின் தொடக்கக் காலத்தில் கீழ்க்கோட்டெழுத்துக்கும் வால் நீண்ட 'ங'வுக்கும் ஆளுக்கொரு எழுத்துருவைச் செய்துகொண்டார்கள்; ஓர் எழுத்துருவில் தட்டியது மற்றொன்றில் குப்பையாய்த் தெரியும். யூனிகோடு வந்த பிறகே அது ஒழுங்காயிற்று. 1997-ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது நாம் எதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோமோ, அதே துன்பம். நம்மிடம் கோடிக்கணக்கானோரும் பல நாடுகளின் பொறியாளரும் இருந்தார்கள், அவர்களிடம் சில ஆயிரம் பேர் இருந்தார்கள்.

ஆவணகத்தின் பக்கங்களை நான் திரையில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். சொற்பொருள் எனக்குத் தெரியாது. சில பக்கங்களில் தட்டச்சு எழுத்து வரியிலிருந்து சற்றே மேலேறி நிற்கிறது. ஓவியக் கோட்டில் மை திட்டுத் திட்டாய்ப் படிந்திருக்கிறது. என் சைக்ளோஸ்டைல் தாள்களில் இருந்தவையும் அதே திட்டுகள். அவற்றில் ஒரு தாளைக்கூட நான் பாதுகாத்து வைக்கவில்லை.

யிர்கலாப் பள்ளி, ஆணைகள் மாறியபோதெல்லாம், தன் இருமொழிக் கல்வியை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஊரிலேயே 2007-ல் முல்கா என்ற ஒளி, ஒலி ஆவணக் கூடமும் தொடங்கப்பட்டது. பழைய படங்களும் குரல்களும் அங்கே ஊரார் கையில் இருக்கின்றன. 2020-ன் இறுதியில் யிர்கலாவின் யோல்ஙு மாணவர் எட்டுப் பேர் பன்னிரண்டாம் வகுப்பைப் பல்கலைக்கழக நுழைவுக்குரிய தரவரிசைப் புள்ளியோடு முடித்தனர். அவ்வூரில் அதற்கு முன் எவரும் அதைப் பெற்றதில்லை. அந்தப் பள்ளியின் நூலாக்க மையம் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.